முகப்பு விளக்கும் உப்புக்காற்றும்

கொட்டியாரக்குடாக் கரையோரச் சம்பூரிலிருந்து திருகோணமலைக்குத் தரைவழியே செல்வோருக்கு, 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்ட பின்னர், அவ்விடத்தில் படகுப்பாதைக்குக் காத்திராமல் இரவிலும் பயணிக்க முடிகிறது. ஆனால் வழியில் காரின் முகப்பு விளக்கு அணைந்துபோனால், வீதியில் படுத்திருக்கும் மாடுகூடக் கண்ணுக்குத் தெரியாது.

ஹெட்லைட் எரியாதபோது பலரும் உடனே புதிய மின்குமிழை வாங்கி மாட்டுகின்றனர். இரு குமிழ்கள் ஒரே கணத்தில் பழுதாவது அரிது என்பதால், இரண்டும் சேர்ந்து அணைந்திருப்பின், மின்னோட்டம் அளவு மீறும்போது தான் உருகிக் கம்பிகளைக் காக்கும் பியூஸையும், ஆளியையும், சிறு மின்னோட்டத்தால் பெரு மின்னோட்டத்தை இயக்கும் ரிலேயையும் முதலில் ஐயுற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அணைந்திருப்பின், குற்றம் பெரும்பாலும் அப்பக்கத்துக் குமிழிலோ ஏர்த்திலோ இருக்கும்.

இழையை ஒளிரச்செய்த மின்னோட்டம் பற்றரியின் எதிர்முனைக்குத் திரும்ப, பெரும்பாலான கார்களில் இரும்பு உடலே வழியாகிறது. கம்பி அவ்வுடலோடு திருகாணியால் இணையும் இடமே ஏர்த் எனப்படுகிறது. கடற்காற்று கொணரும் உப்பு ஈரத்தை ஈர்த்து, இரும்பில் துருவையும் செம்பில் பச்சைக் களிம்பையும் விளைவிப்பதால், கரையோர ஊர்களில் சோதனையை ஏர்த்திலிருந்தே தொடங்குவது அறிவுடைமை. 60 வாற்றுக் குமிழ் 12 வோல்ட்டில் 5 அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கிறது, துருவினால் 0.2 ஓம் தடை ஏற்பட்டாலே ஏறத்தாழ 1 வோல்ட் அங்கு வீணாகிறது. ஹலோஜன் குமிழில் மின்னழுத்தம் சிறிது குறைந்தாலும் ஒளி பெரிதும் குறையுமாதலால், 12 வோல்ட் 11 ஆகும்போது ஒளியில் ஏறத்தாழக் காற்பங்கு போய்விடுகிறது.

குமிழைக் கழற்றிவிட்டு அளந்தால் மீற்றர் 12 வோல்ட்டையே காட்டும். மின்னோட்டம் பாயாதவிடத்துத் தடையில் இழப்பும் இல்லை என்பதாலேயே கெட்ட ஏர்த் நெடுநாள் அகப்படாமல் இருந்துவிடுகிறது. ஆகவே குமிழ் மாட்டியிருக்க, ஆளியைப் போட்டு, மல்டிமீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் எதிர்முனையிலும் மற்றதைக் குமிழின் ஏர்த் முனையிலும் வைக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இணைப்பு கெட்டுவருகிறது. 12 வோல்ட் காட்டினால் அது அறவே அறுந்துவிட்டது. திருகாணியைக் கழற்றி, வெற்று உலோகம் தெரியும்வரை உரசி, இறுக்கியபின் மேலே கிறீஸ் பூசினால் உப்பீரம் எளிதில் அண்டாது.

பியூஸும் ஏர்த்தும் சரியாக இருந்தும் எரியாதபோதே புதுக் குமிழ் வாங்குவது தகும். அதன் கண்ணாடியை வெறுங்கையால் தொடலாகாது, விரலின் எண்ணெய்ப்பசை படிந்த இடம் மிகையாகச் சூடேறிக் குமிழின் ஆயுளைக் குறைத்துவிடும்.