எத்தனை? எவ்வளவு?
ஆங்கிலத்துக்குத் திறவுகோல் நம் நாவிலேயே இருக்கிறது!

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் போகிறீர்கள்.

"எத்தனை தேங்காய் வேண்டும்?" என்று கேட்கிறார் ஒரு கடைக்காரர்.

"எவ்வளவு எண்ணெய் வேண்டும்?" என்று கேட்கிறார் அடுத்த கடைக்காரர்.

"எத்தனை எண்ணெய்?" என்று யாராவது கேட்பார்களா? மாட்டார்கள். ஐந்து வயதுக் குழந்தைகூட அப்படிப் பேசாது.

எண்ணும் பொருளுக்கு "எத்தனை". அளக்கும் பொருளுக்கு "எவ்வளவு". இதை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தாய்மொழியோடு வந்தது.

ஆங்கிலத்தில் பலர் தடுமாறும் இடமும் இதுதான். "எத்தனை" என்றால் "ஹவ் மெனி". "எவ்வளவு" என்றால் "ஹவ் மச்". அவ்வளவுதான்!

பிரெஞ்சு வழி வேறு

1954 நவம்பர் 1-ந் தேதி வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சி நடந்த ஊர் புதுச்சேரி. இன்றும் இங்கே பிரெஞ்சு படிப்பவர்கள் உண்டு.

பிரெஞ்சில் "நிறைய" என்பதற்கு "பொக்கூ" என்ற சொல் இருக்கிறது. நிறைய புத்தகம் என்றாலும் "பொக்கூ". நிறைய தண்ணீர் என்றாலும் "பொக்கூ".

ஆங்கிலத்தில் புத்தகத்துக்கு "மெனி", தண்ணீருக்கு "மச்". சந்தேகம் வந்தால், "எ லாட் ஆப்" என்று சொல்லுங்கள். அது இரண்டுக்கும் பொருந்தும்!

கீழூர்க் கணக்கு

1954 அக்டோபர் 18-ந் தேதி கீழூரில் ஓட்டெடுப்பு நடந்தது. இந்தியாவோடு சேரலாமா என்பதே கேள்வி. மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் ஓட்டுப் போட்டார்கள். சேரலாம் என்றவர்கள் 170 பேர். வேண்டாம் என்றவர்கள் 8 பேர்.

ஓட்டை எண்ணலாம். அதனால் "ஹவ் மெனி ஓட்ஸ்?" என்று கேட்க வேண்டும். மகிழ்ச்சியை எண்ண முடியுமா? அதற்கு "ஹவ் மச்" தான்.

ஏமாற்றும் சொற்கள்

ரூபாயை எண்ணுகிறோம். "ஹவ் மெனி ரூபீஸ்?" சரி. ஆனால் பணம் என்னும் "மணி"க்கு "ஹவ் மச்" தான் வரும்.

தமிழில் அறிவுரைகள், தகவல்கள் என்கிறோம். பிரெஞ்சிலும் அப்படியே. ஆங்கிலத்தில் "அட்வைஸ்", "இன்பர்மேஷன்" ஆகிய சொற்களுக்குப் பன்மை கிடையாது. "அட்வைசஸ்" என்று எழுதினால் தவறு. வேலைக்கு மனுப் போடும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஓர் எழுத்து செய்யும் வேலை

ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளியூரில் இருக்கும் மகனுக்கு ஆங்கிலத்தில் செய்தி போகிறது.

"எ லிட்டில் ஹோப்" என்று இருந்தால், கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது என்று பொருள். மகன் மூச்சு விடுவான்.

முன்னால் உள்ள "எ" விட்டுப்போனால்? நம்பிக்கை அநேகமாக இல்லை என்று பொருள். மகன் கதறி அழுவான்!

எண்ணும் பொருளுக்கும் இப்படித்தான். "எ பியூ பிரெண்ட்ஸ்" என்றால் நண்பர்கள் சிலர் உண்டு. வெறும் "பியூ" என்றால், நண்பர்களே இல்லாத குறை.

வீட்டுப் பாடம்

இன்று சாப்பிட உட்காரும்போது பிள்ளைகளைக் கேளுங்கள். இட்லிக்கு என்ன? சாம்பாருக்கு என்ன? மிளகாய்க்கு? உப்புக்கு?

முதலில் தமிழில் சொல்லிப் பார்க்கட்டும். "எத்தனை இட்லி? எவ்வளவு சாம்பார்?"

ஆங்கிலம் தானாக வரும்.