‘என் கை’ என்னும் உணர்வு

‘இது என் கை’ என்று சொல்ல நாம் சான்று எதையும் தேடுவதில்லை. ஆயினும் அந்த உறுதி பிறவியிலேயே முடிந்துவிட்ட ஒன்றன்று. கண்ணும் தோலும் தரும் செய்திகளை ஒப்பிட்டு மூளை கணந்தோறும் வழங்கும் தீர்ப்பு அது.

1998இல் மேத்யூ பாட்வினிக், ஜோனதன் கோயன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். அச்சோதனையில் பத்துப் பேர் பங்கேற்றனர். ஒவ்வொருவரின் இடக்கையும் தடுப்புக்குப் பின்னால் மறைக்கப்பட்டது. கண்ணெதிரே ஒரு ரப்பர் கை வைக்கப்பட்டது. இரு கைகளையும் சிறு தூரிகைகளால் ஒரே நேரத்தில் வருடினர். பத்து நிமிடங்களுக்குப் பின், தூரிகையின் தொடுகை ரப்பர் கையிலேயே உணரப்படுவதாகவும் அது தம் கை போலவே இருப்பதாகவும் பலர் கூறினர். வருடல்கள் நேரம் பிசகி நிகழ்ந்தபோதோ இம்மயக்கம் பெரிதும் குறைந்தது.

எவ்வளவு பிசகை மூளை பொறுக்கும்? 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், தொடுகைக்கும் அதன் காட்சிக்கும் இடையே வேண்டுமென்றே தாமதத்தைப் புகுத்திப் பார்த்தனர். சுமார் 300 மில்லி வினாடி வரை உணர்வு வலுவாக நின்றது. அதற்கு மேல் தளர்ந்தது. இச்சலுகை மூளைக்கு இன்றியமையாதது. மணிக்கட்டிலிருந்து நரம்புச் செய்தி மூளையை அடைய ஏறத்தாழ 20 மில்லி வினாடி ஆகும். கணுக்காலிலிருந்து வர அதைப் போல் இருமடங்கு ஆகும். கண்ணின் செய்திக்கோ வேறொரு கணக்கு. எனவே இம்மி பிசகாத ஒருமையை மூளை எதிர்பார்க்க இயலாது. நேரம் ஒத்தால் மட்டும் போதுமென்பதும் இல்லை. ரப்பர் கைக்குப் பதில் மரக்குச்சியை வைத்தால் மூளை அதனைக் கையாக ஏற்பதில்லை.

இவ்வினா நம் அறிவு மரபுக்குப் புதிதன்று. இப்னு ஸீனா (980–1037) தமது ‘கிதாபுஷ் ஷிஃபா’வில், கண் மறைக்கப்பட்டு, உறுப்புகள் ஒன்றையொன்று தீண்டாது வெட்டவெளியில் மிதக்கும் மனிதனைக் கற்பனை செய்கிறார். அவன் தன் உறுப்புகளை அறியான்; தான் இருப்பதை அறிவான். உறுப்புகள் ஆடை போன்றவை, நெடுங்காலம் ஒட்டியிருந்ததால் நம் பகுதியாகத் தோன்றுபவை என்பது அவர் கருத்து. ஆன்மாவைப் பற்றிய அவரது முடிவை ரப்பர் கை நிறுவவுமில்லை, மறுக்கவுமில்லை. ஆனால் அந்த ‘ஆடை’ நமதென்று தோன்ற நெடுங்காலம் வேண்டியதில்லை, சில நிமிட ஒத்திசைவே போதும் என்பதை அது காட்டுகிறது.

கை இழந்தோருக்கு இது வெறும் தத்துவ வினா அன்று. செயற்கைக் கை பலருக்கு வெறும் கருவியாகவே தங்கிவிடுகிறது. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், பார்வைக்கு மறைந்த எஞ்சிய கைப்பகுதியையும் எதிரே உள்ள ரப்பர் கையையும் ஒருசேர வருடியபோது, கை இழந்தோர் பலர் ரப்பர் கையிலேயே தொடுகையை உணர்ந்தனர். ஆகவே, உணர்வூட்டும் செயற்கைக் கையை வடிவமைப்போர் அதன் வலிமையையும் எடையையும் மட்டும் கருதினால் போதாது. விரல்நுனி பொருளைத் தொட்ட செய்தி, கண் அதைக் காணும் அதே கணத்தையொட்டி நரம்பை எட்டவும் வேண்டும்.