நாளொன்றுக்குப் பதினாறு காசு

நிதி ஒதுக்கீடு நிறைவேறாமல் அமெரிக்க அரசு 2025 அக்டோபர் 1 முதல் 43 நாட்கள் முடங்கியது. நம் நாட்டில் அலுவலகங்கள் பூட்டப்படுவதில்லை. கடைக்கோடிக்கு வரவேண்டிய பணம் மட்டும் நின்றுவிடும்.

ஒன்றிய அரசு நிதியை விடுவிக்காததால், நூறு நாள் வேலைக்கான கூலி நிலுவை 1,056 கோடி ரூபாய் என்று 2025 ஜனவரியில் முதலமைச்சர் பிரதமருக்கு எழுதினார். புதுக்கோட்டை மாவட்டத்துக் கண்மாய்களில் மண் வெட்டும் நிலமற்ற தலித் பெண்களுக்கு இது வெறும் தாமதமன்று. எந்த நிலவுடைமையாளரின் வாசலை அக்கூலி தவிர்க்கச் செய்ததோ, அதே வாசலில் முன்பணம் கேட்டு மீண்டும் நிற்க வேண்டும்.

சட்டப்படி 15 நாட்களுக்குள் கூலி தரவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு இழப்பீடு. அன்றைய நாட்கூலியான 319 ரூபாய்க்கு அது ஏறத்தாழ 16 காசு! கந்துவட்டிக்காரர் கேட்டால் சிரிப்பார். ஆயினும் அதைக் கோரவேண்டும் என்கிறோம். ஒன்றிய அரசின் கட்டத்தில் நேரும் தாமதத்திற்கும் இழப்பீடு உண்டென ஸ்வராஜ் அபியான் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. தொகை சிறிதெனினும், கோரிக்கை மனு தாமதத்தை ஆவணமாக்குகிறது. மனுவை எழுத்தில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டைத் தவறாமல் பெறுங்கள். வாய்மொழி முறையீட்டை வைத்து எங்களால் வழக்காட இயலாது.