முதுகைத் திருப்பிப் பாருங்கள்

தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் காலை ஷிப்ட் விட்டதும் டீக்கடை வாசலில் பைக்குகள் வரிசை கட்டும். போன வாரம் அங்கே ஒரு தம்பி முன் டூமைத் தடவியபடியே கேட்டார்: "மணல்ல சறுக்கிட்டேண்ணே. மேல ஒரு ஸ்பிரே டப்பா அடிச்சா கீறல் மறைஞ்சிடும்ல?"

மறையாது தம்பி. பெயிண்ட் பளபளக்கப் பளபளக்கக் கீறல் இன்னும் நன்றாகத் தெரியும்.

டூமைக் கழற்றி முதுகுப்பக்கத்தைக் காட்டச் சொன்னேன். கம்பெனியிலிருந்து வண்டியோடு வரும் பாகம் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். பின்பக்கம் வழவழவென்று, ஏபிஎஸ், பிபி என்று ஏதாவது எழுத்து அச்சாகியிருக்கும். இவருடையது வெளியில் வாங்கி மாட்டியது; பின்னால் சொரசொரப்பு, நூல் நூலாகக் கண்ணாடி இழை. பைபர். ரேஸ்காரர்களுக்குப் பிடித்த சரக்கு இது: எடை குறைவு, உடைந்தால் ஒட்டிக்கொள்ளலாம். (இங்கிருந்து சென்னை போகிற வழியில், சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ஒரு காலத்தில் பைக் ரேஸ் பறந்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தபின் அந்தச் சத்தம் அங்கே போய்விட்டது.)

கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். சிக்காவிட்டால் காயம் பெயிண்டோடு சரி. சிக்கினால் அடியிலுள்ள ஜெல்கோட் வரை இறங்கியிருக்கிறது; மெல்லிய பூச்சுதான் அது. வெள்ளை இழை எட்டிப் பார்த்தால் உடம்புக்கே அடி.

எல்லாருக்கும் உடனே உப்புத்தாளை எடுக்கத்தான் கை போகும். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவிட்டு, வாக்ஸ் ரிமூவரால் துடையுங்கள். பாலிஷில் இருக்கும் சிலிக்கான் பிசுக்கு போகாமல் தேய்த்தால் அது கீறலுக்குள்ளேயே இறங்கிவிடும். கடைசியில் பெயிண்ட் அங்கே ஒட்டாமல் வட்டம் வட்டமாக விலகி நிற்கும்.

தேய்ப்பதில் ஒரு விஷயத்தை மட்டும் மூன்று முறை சொன்னேன். இழை திறந்திருக்கும்போது தண்ணீர் போட்டுத் தேய்க்காதீர்கள். டீயில் முக்கிய பொறை மாதிரி அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பட்டியும் அப்படித்தான். வெளியே காய்ந்த மாதிரி தெரியும். பெயிண்ட் அடித்து வெயிலில் நிறுத்தினால் கொப்புளம் கிளம்பும். பிரைமர் ஏறும் வரை உலர் தேய்ப்புதான். தூசி கண்ணாடித் தூசி. மாஸ்க்கும் முழுக்கைச் சட்டையும் இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க அரிப்புதான்.

80 நம்பர் தாளில் கீறலைச் சுற்றி ஓர் அங்குலம் சொரசொரப்பாக்கி, பட்டி போடுங்கள். எலுமிச்சம்பழ அளவு பட்டிக்குப் பட்டாணி அளவு ஹார்டனர். நிறம் ஒரே சீராக வரும் வரை குழைக்க வேண்டும். நம்ம ஊர் வெயிலில் ஐந்து நிமிடத்தில் இறுகிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். பிறகு 180, அதன்பின் 320.

விரிசல் என்றால் வெறும் பட்டி நிற்காது. என்ஜின் அதிர்வில் அதே கோட்டில் மறுபடி வாய் பிளக்கும். விரிசலின் இரு முனையிலும் 3 மில்லிமீட்டர் துளை போட்டு ஓட்டத்தை நிறுத்திவிட்டு, பின்பக்கம் ரெசினில் நனைத்த கண்ணாடி இழை மேட் இரண்டு மூன்று அடுக்கு ஒட்ட வேண்டும். முன்பக்கம் பட்டி அதற்கப்புறம்தான்.

பட்டி வேலை முடிந்ததும் பிரைமர் அடியுங்கள். அது காய்ந்ததும் கறுப்பு ஸ்பிரேயைத் தூரத்தில் பிடித்துத் தூவினாற்போல அடித்து, 400 நம்பர் வாட்டர் பேப்பரில் தேயுங்கள். கறுப்பு எங்கே மிச்சம் நிற்கிறதோ அங்கே பள்ளம். கண்ணுக்குத் தெரியாததை இது காட்டிக்கொடுத்துவிடும். பனிக்காலமானால், வெயில் ஏறிய பிறகே பெயிண்டில் கை வையுங்கள்.

தம்பி கிளம்பும்போது ரெசின் வாங்கிய பையைத் திறந்து காட்டினார். ரெசினை இறுகவைக்கும் கோபால்ட் பாட்டிலும் கேட்டலிஸ்ட் பாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றை எடுத்து வேறு பையில் வைக்கச் சொன்னேன். ரெசினில் முதலில் கோபால்ட்டைக் கலக்கி முடித்து, அப்புறம்தான் கேட்டலிஸ்ட் விட வேண்டும். இரண்டும் நேராகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அந்த இரண்டு பாட்டிலையும் வீட்டில் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.