உங்களுக்குத் தெரியுமா? நாற்பது வயதிலும் அலர்ஜி வரும்

● சின்ன வயதிலிருந்து சாப்பிட்டு வந்த பண்டமே ஒருநாள் ஒவ்வாமல் போகலாம். 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், உணவு அலர்ஜி உள்ள பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, ஏதேனும் ஓர் உணவாவது வளர்ந்த பிறகே ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தது.

● இறாலில் அலர்ஜியைக் கிளப்பும் ட்ரோபோமயோசின் என்ற புரதம், சிறு மாற்றங்களோடு கரப்பான்பூச்சியிலும் இருக்கிறது!

● ஓசூரைத் தாண்டினால் கர்நாடகம். அங்கே பெங்களூரு, மைசூரு வட்டாரப் பெரியவர்களிடம் நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. ரத்தப் பரிசோதனையில் 26.5 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் உணவுக்கு எதிர்ப்பொருள் இருந்தது. ஆனால் அலர்ஜி இருக்கக்கூடும் என்று கணிக்கப்பட்டவர்கள் 1.2 சதவீதம்தான். லேப் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துப் பாலையும் கடலையையும் நிறுத்திவிடாதீர்கள். சாப்பிட்டபோது என்ன நடந்தது என்பதை டாக்டரிடம் விவரமாகச் சொல்லுங்கள்.

● சிலருக்குப் பரோட்டா மட்டும் தின்றால் ஒன்றும் ஆகாது. தின்றுவிட்டுக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினால்தான் உடம்பெல்லாம் காணாக்கடி, மயக்கம். கோதுமையும் உடல் உழைப்பும் சேரும்போது கிளம்பும் அலர்ஜி இது. ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளும் இதைத் தூண்டும். சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது.

● அலர்ஜியால் மூச்சு இளைத்து, தலை சுற்றினால் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. தொடையின் வெளிப்புறத் தசையில் போட வேண்டும். அலர்ஜி மாத்திரை அதற்கு ஈடாகாது. உடனே 108-ஐ அழையுங்கள். நோயாளியை எழுந்து நடக்க விடாதீர்கள்.

● ஒவ்வாத உணவையே துளித்துளியாகக் கொடுத்து உடம்பைப் பழக்கும் சிகிச்சை பழசு. 1908-லேயே லண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் ஸ்கோஃபீல்ட், முட்டை ஒவ்வாத 13 வயதுச் சிறுவனை இப்படித் தேற்றியதை எழுதியிருக்கிறார். பெரியவர்களுக்குப் பலிக்குமா? லண்டனில் 21 பேருக்கு வேர்க்கடலை மாவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் ஐந்து கடலைக்குச் சமமான அளவைத் தாங்கினார்கள் என்று 2025-இல் முடிவு வந்தது. மனதுக்குத் தெம்பு தரும் செய்தி! ஆனால் இதை வீட்டில் தாமாகச் செய்துபார்ப்பது உயிருக்கே ஆபத்து. ஒவ்வொரு முறை அளவைக் கூட்டுவதும் மருத்துவர் கண்காணிப்பில்தான். பழகிய பிறகும் கடலையைத் தொடர்ந்து சாப்பிட்டு வர வேண்டும்; நிறுத்தினால் தாங்கும் சக்தி குறைந்துவிடலாம். சாப்பிட்ட கையோடு ஓட்டமும் கடும் உழைப்பும் கூடாது.