கிணற்று நீரும் மலைக் கொழுந்தும்

யாழ்ப்பாணத்து வீடுகளில் விருந்தினரை வரவேற்கும் முதற்சொல் "வாருங்கோ" என்பதாயின், இரண்டாவது, "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்பதாகும். வேண்டாம் என்று சொல்ல இடமளிக்காத கேள்வி அது. விடை பிறக்குமுன்னரே கேத்தல் அடுப்பில் ஏறிவிடும். இவ்வளவு உரிமையோடு நாம் வழங்கும் அப்பானத்தைப் பற்றி நாம் அறிந்ததுதான் எவ்வளவு? ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் மும்முறை அதனைப் பருகிவந்த நான், ஒரு நண்பரின் முன்னே நாணி நின்ற பின்னரே அதனைக் கற்கத் தொடங்கினேன்.

நண்பர் ஹற்றனுக்கு அணித்தான ஒரு தோட்டத்திலே பிறந்தவர். யாழ்ப்பாணத்திற் படித்து, என்னுடன் ஒரே பாடசாலையிற் கற்பித்தவர். விடுமுறை கழித்துத் திரும்பிய ஒரு சமயம், உயர்ந்த இரகத் தேயிலை கால் கிலோ கொணர்ந்து தந்தார். அன்று மாலையே அவரை இருத்தி, அதனை என் வழக்கப்படி காய்ச்சிக் கொடுத்தேன். கோப்பையிலே கறுத்த நீர். அதன் மேலே எண்ணெய் படர்ந்தாற்போல் மங்கலான ஓர் ஏடு. அவர் ஒரு மிடறு பருகினார். சற்று நேரம் பேசவில்லை.

"தேயிலையிலே குறையில்லை, மாஸ்டர். உங்கள் கிணறு அதை விழுங்கிவிட்டது" என்றார்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மண்ணுக்கு அடியிற் கிடக்கும் சுண்ணாம்புக் கல்லே நமது நீர்த்தேக்கம். மழைநீர் அக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, அதனைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகின்றது. ஆதலால் நமது நீர் வன்னீர். கேத்தலின் உட்புறத்தே படியும் வெண்ணிறப் பொருக்கு அதற்குச் சான்று. அந்நீரிலுள்ள கல்சியம் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களுடன் கூடும்போதே மேலே ஏடு படர்கிறது. நீரின் காரத்தன்மை சாற்றின் நிறத்தைக் கறுப்பாக்கி, அதன் துடிப்பையும் மணத்தையும் மழுங்கச் செய்கிறது.

இதனை நானே கண்டறிய விரும்பி, கார்த்திகை மாதத்து மழையில், கூரையைச் சில நாள் கழுவவிட்டபின், ஓர் அண்டா நீர் பிடித்து வைத்தேன். தேயிலைச் சுவைஞர் நூறு மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தூளிட்டு ஆறு நிமிடம் ஊறவைப்பர்; 1980 இல் வெளியான சர்வதேச நியமமும் அதுவே. அக்கணக்கின்படியே கிணற்று நீரில் ஒன்றும் மழைநீரில் ஒன்றுமாக இரு கோப்பைகள் ஊற்றினேன். ஒரே தூள், ஒரே அளவு, ஒரே நேரம். கிணற்று நீர்க் கோப்பை சேற்றுக் கபிலமாய் இருந்தது. மழைநீர்க் கோப்பையோ செம்பொன்னாய் ஒளிர்ந்து, அடியிலிருந்த பூவேலையைத் தெளிவாகக் காட்டியது. அன்றுதான் என் நண்பர் தந்த பரிசை நான் உண்மையிற் சுவைத்தேன் எனலாம்.

அதன்பின் ஆசை பெருகிற்று. கொழும்புக்குச் செல்வோரிடம் சொல்லி வெவ்வேறு பகுதித் தேயிலைகளைச் சிறிது சிறிதாக வருவித்தேன். ஏறக்குறைய ஆறாயிரம் அடி உயரத்து நுவரெலியாத் தேயிலை வெளிறிய நிறமும் மலர்போன்ற மெல்லிய மணமும் உடையது. திம்புள்ளைத் தேயிலை தை முதல் பங்குனி வரை சிறக்கும். ஊவாத் தேயிலைக்கு ஆடி, ஆவணியிலே வீசும் வறண்ட காற்று, புதினாவை நினைவூட்டும் ஒரு குளிர்ந்த மணத்தைத் தருகிறது. தென்னிலங்கையின் தாழ்நிலத் தேயிலையோ கறுத்துத் தடித்து வாயை நிறைப்பது. மழைநீர் தீர்ந்த பின் நான் கண்ட உண்மை இது: மலையுச்சித் தேயிலை நமது கிணற்று நீரில் வாடிவிடும், தாழ்நிலத் தேயிலையே அதனோடு நின்று பொருதும்.

கிணற்று நீரையே நம்பியிருப்போர்க்கும் வழியுண்டு. நீரைச் சில நிமிடம் நன்கு கொதிக்கவைத்து ஆறவிட்டால், கரைந்திருந்த சுண்ணாம்பில் ஒரு பகுதி அடியிலே படியும். தெளிந்த நீரை வடித்தெடுத்து மீண்டும் கொதிக்கவைத்துத் தேயிலையில் ஊற்றுக. நான்கு நிமிடம் மூடி வைத்தாற் போதும். தூளை அடுப்பிலிட்டுக் காய்ச்சுதல் ஆகாது.

நமது முன்னோர் இரசாயனம் படித்தவரல்லர். ஆயினும் அவர்தம் நாக்கு அறிந்திருந்தது. வெறுந்தேநீரில் அவர்கள் பிழிந்த தேசிக்காய், ஏட்டைக் கரைத்து நிறத்தையும் தெளியவைக்கும். மணம் மழுங்கிய தேநீருக்கு இடித்த இஞ்சியும் ஏலமும் கறுவாவும் புதிய மணம் ஊட்டின. 1990 களில் போரும் தடைகளும் சீனியை அரிதாக்கியபோது, பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்த நாள்களை நம்மில் எவர் மறப்பர்? இன்று வெளிநாட்டு உறவினர் பெர்கமொட் பழ மணமூட்டிய தேயிலையை அழகிய தகரப் பேணிகளிற் கொணர்கின்றனர். நம் வீட்டுக்கு வந்த பேணியைத் திருப்பிப் பார்த்தேன், இலை இலங்கையினதே! நமது மலையிலிருந்து இலண்டன் சென்று யாழ்ப்பாணத்துக்கு வந்த இலை அது. இலண்டன் நீரும் சுண்ணாம்பு நீர்தான் என்று அறிந்தபோது என் கிணற்றின் மீதிருந்த மனக்குறை சிறிது தணிந்தது.

ஆயினும், தேயிலையைப் பற்றி நான் கற்ற பெரும்பாடம் நீரைப் பற்றியதன்று. சென்ற நல்லூர்த் திருவிழாவுக்கு நண்பரின் தாயார் வந்திருந்தார். சேமித்த மழைநீரிலே, கைவசமிருந்த நுவரெலியாத் தேயிலையை அளந்து ஊற்றி, என் கற்றுத்தேர்ச்சி முழுவதையும் அக்கோப்பையிலே காட்டி அவர் முன் வைத்தேன். அம்மூதாட்டி அதனை முகர்ந்து பார்த்தார்.

"இந்த வாசம் எனக்குத் தெரியும் ஐயா. பக்டரிப் பக்கம் போனா வரும். நாப்பது வருசம் கொழுந்து எடுத்தேன்; குடிச்சதில்லை. எங்களுக்கு லயத்துல தூள்தான்" என்றார்.

1867 இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரிற் பயிரிட்டது முதலாகத் தேயிலையின் சரித்திரத்தை நாம் தோட்டத்துரைமாரின் பெயர்களாலேயே படித்திருக்கிறோம். அவ்விலையைக் கிள்ளிய கைகளோ தமிழ்க் கைகள். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. அப்போது தமிழ்ப் பிரதிநிதிகளும் ஒருமுகமாய் நின்றாரல்லர். 1964 இல் இரண்டு அரசுகள் அவர்களை இலட்சக்கணக்கிற் பங்கிட்டுக்கொண்டன. எஞ்சியோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேதான் வந்தது. அவ்வளவு காலமும் நாம் இங்கே மும்முறை தேநீர் பருகிக்கொண்டே இருந்தோம்.

அம்மூதாட்டி பாதிக் கோப்பையைப் பருகினார். பின்னர் சற்றுத் தயங்கி, "கோவிச்சுக்காதீங்க ஐயா, இன்னும் கொஞ்சம் சாயம் கூட்டி, சீனி போட்டுத் தர முடியுமா?" என்று கேட்டார்.

நான் எழுந்து சென்று, கிணற்று நீரைக் கேத்தலில் ஊற்றி, தூளைத் தாராளமாகவே இட்டுக் கறுக்கக் கறுக்கத் தேநீர் தயாரித்தேன். அதனை அவர் மகிழ்ந்து குடித்தார். அவருடன் அமர்ந்து அதையே நானும் குடித்தேன்.