‘ஒபே’ என்றால் என்னம்மா?

பிரிஞ்சாங் வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தாய்மார்களே! மாலையில் உங்கள் பிள்ளை ஆங்கிலப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, “அம்மா, ‘ஒபே’ என்றால் என்ன?” என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? ‘கீழ்ப்படிதல்’ என்று அகராதி சொல்லும். பிழையில்லை. ஆனால் அந்தச் சொல்லின் பிறப்பு வேறு கதை.

லத்தீன் மொழியில் ‘ஔதீரே’ என்றால் காதால் கேட்பது. ‘ஆடியோ’ என்கிறோமே, அதற்கும் அதுதான் வேர். அதன் முன்னே ‘ஒப்’ என்ற ஒட்டுச் சேர்ந்து, ஒருவர் பக்கம் செவி சாய்ப்பது என்ற பொருளில் ஒரு வினைச்சொல் பிறந்தது. அது பிரெஞ்சு வழியாக, ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்தில் புகுந்து ‘ஒபே’ ஆயிற்று.

நம் ‘கீழ்ப்படி’யில் மேல் கீழ் உண்டு, காது இல்லை. ஆனால் வீட்டில் யார் அப்படிப் பேசுகிறோம்? “சொன்ன பேச்சைக் கேளு” என்றுதானே அதட்டுகிறோம்! மலாய்க்காரர் வீட்டிலும் ‘டெங்கார் காத்தா’, அதாவது சொல்லைக் கேள் என்பதே வழக்கு.

தமிழ்க் ‘கேள்’ லத்தீனையும் மிஞ்சியது. செவியால் கேட்பது, சொன்னபடி நடப்பது, ஏன் என்று வினவுவது, உரிமையைக் கோருவது, நான்கும் அந்த ஒரே சொல்தான். நம் முன்னோருக்கோ முதல் இரண்டு மட்டுமே அனுமதி. விடியுமுன் பெரட்டில் நின்று, கங்காணி சொன்ன நிரைக்குப் போக வேண்டும். ஒப்பந்தக் கூலி முறையில் வேலைக்கு மறுத்தவர் சிறைக்கும் போனார்கள். மலாயாவில் அம்முறை 1910இல் நின்றது. ஆனால் பழக்கம் நிற்கவில்லை.

மலையடிவாரத்துக்கு அப்பால், கிள்ளான் ரப்பர்த் தோட்டங்களில் 1941இல் நடந்ததைக் கேளுங்கள். துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். கூலி உயர்வோடு, இந்த இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் தொழிலாளர் கேட்டார்கள். தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

அடுத்த பாடத்தில் பிள்ளை ‘டிஸொபே’ என்ற சொல்லோடு வருவான். ‘டிஸ்’ வந்தால் எதிர்மறை, சொன்னதைக் கேளாமை. கிள்ளான் தொழிலாளரை அதிகாரிகள் அப்படித்தான் பார்த்தார்கள். சைக்கிளை விட்டு ஏன் இறங்க வேண்டும் என்று அவர்கள் கேட்டதற்கும் தமிழில் அதே ‘கேள்’தான் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள், ஆங்கில அகராதியில் அது கிடைக்காது.